வீட்டில் பழகிய சிரிப்பு

(திருவொற்றியூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



‘குழந்தைப் பருவமும் பெற்றோரும்’ என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் கல்வியாளன் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. சிரிக்க வைப்பது என் தொழில். அதை நான் இந்த ஊரில், என் வீட்டில் கற்றேன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் இந்தத் தலைப்பைத் தொடுகிறேன். ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, அதைக் கொடுப்பவர் யார், கெடுப்பவர் யார் என்பதுதான் என் பேச்சு.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று சொல்லி, அவற்றில் நகையை முதலில் வைத்தார். அந்த நகை நான்கு இடங்களில் பிறக்கும் என்றார். நான்கில் இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று எள்ளல், மற்றொன்று இளமை. அடுத்தவரைத் தாழ்த்தினாலும் சிரிப்பு வரும். பிள்ளைத்தனத்தைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். எல்லா வீட்டிலும் இரண்டும் உண்டு. ஆனால் எது மிகுதி என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து வளர்வதும் கூனிக் குறுகி வளர்வதும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான சாட்சிகள்.

சத்தமில்லாத நாடகம்

எங்கள் வீடு இதே திருவொற்றியூரில் ஒரு லைன் வீடு. ஒரே ரூம், சிமெண்ட் ஷீட் கூரை, எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. நைனாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை. இந்த ஊரில் பிள்ளைகள் கடிகாரம் பார்க்கக் கற்பதற்கு முன்பே ஷிப்ட் கணக்கைக் கற்றுக்கொள்வார்கள். சங்கு ஊதினால் எந்த வீட்டில் யார் கிளம்புவார், யார் திரும்புவார் என்று எங்களுக்கு மனப்பாடம்.

நைட் ஷிப்ட் வாரம் வந்தால் வீட்டின் சட்டமே மாறிவிடும். நைனா காலையில் வந்து, குளித்து, நாஷ்டா முடித்துப் படுப்பார். மே மாத வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பகலில் தூங்குவது என்ன வேதனை என்று இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, டேபிள் ஃபேனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அம்மா இறால் உரிக்கப் போய்விடும். போகும்போது எங்களிடம் ஒன்றே ஒன்று சொல்லும். “நைனா தூங்குது. சத்தம் கேட்டுச்சுன்னா வந்து தோலை உரிச்சிடுவேன்.”

லீவு நாளில், ஒரே ரூமில், நானும் தங்கச்சியும் பக்கத்துக் குடித்தனத்துப் பசங்களும் சத்தமே போடாமல் என்ன விளையாட முடியும்? நடித்தோம். வாயைத் திறக்காமல் நடித்தோம். தண்ணி லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் எதிர்வீட்டு அக்கா, சைக்கிள் செயின் கழன்ற தபால்காரர், சீட்டுக்காசு கேட்டு வந்தவரிடம் ‘அவர் ஊர்ல இல்ல’ என்று கையால் சொல்லும் மாமா, எல்லோரையும் நடித்தோம். பார்ப்பவர்கள் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். சத்தமாகச் சிரித்தவன் ஆட்டத்திலிருந்து வெளியே.

ஒருநாள் நான் தபால்காரராக நடித்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி என் தோளைத் தட்டி நைனாவைக் காட்டியது. முகத்தின் மேல் இருந்த ஈரத் துண்டு குலுங்கிக்கொண்டிருந்தது. நைனா தூங்கவில்லை. துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு எங்கள் நாடகத்தைப் பார்த்திருக்கிறார். சத்தமாகச் சிரித்தால் நாங்கள் பயந்து நிறுத்திவிடுவோம் என்று அவரும் அடக்கிக்கொண்டு சிரித்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த நம்பிக்கைதான் இன்றுவரை என்னை மேடையேற்றுகிறது. இரவு முழுக்க உலைச்சூட்டில் நின்றுவிட்டு வந்த மனிதர், தன் தூக்கத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பிள்ளையின் விளையாட்டைப் பார்த்தார். பிள்ளை வளர்ப்பு பற்றி எத்தனையோ புத்தகங்கள் வருகின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் கணக்கில் பிள்ளைக்கு முதல் தேவை, தான் செய்வதைப் பார்க்க ஒரு ஆள். முதல் ரசிகர் வீட்டில் கிடைத்துவிட்டால் ஊரில் ஆயிரம் பேர் முன்னால் நிற்க அந்தப் பிள்ளை அஞ்சாது.

ஆயாவின் கூடையும் லண்டன் ஜன்னலும்

என் ஆயா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு மதியம் திரும்பும். வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணும். எண்ணி முடித்ததும் அன்றைய தெருக்கூத்து தொடங்கும். சங்கராவை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு அதையே வாங்கிக்கொண்ட அம்மா, நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய தாத்தா, கடன் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திய வீட்டுக்காரர், எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்து போவார்கள். குரல் மாறும், கழுத்து மாறும், கண் மாறும். ஒரு கூடை மீன் விற்ற அலுப்பு அந்தச் சிரிப்பில்தான் தீரும்.

ஆயாவிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எங்கள் தெருவில் கால் தாங்கித் தாங்கி நடக்கும் ஒருவர் இருந்தார். நான் ஒருமுறை அவரைப்போல நடந்து காட்டினேன். மற்ற பசங்க சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. “பேரம் பேசுறது அவன் பண்றது, அத்த நடிக்கலாம். காலு அவன் பண்ணதா? அத்த நடிக்காத” என்றது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, நகைச்சுவைக்கு எல்லை எது என்று ஒரே பேச்சில் வகுத்துவிட்டது. மனிதர் செய்வதைப் பார்த்துச் சிரி. அவர் பிறந்த விதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. என் தொழிலில் நான் கடைப்பிடிக்கும் இலக்கணம் இதுதான். வேறு எந்த ஆசிரியரும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் நடத்தியதில்லை.

பிற்காலத்தில் சார்லி சாப்ளினின் வாழ்க்கையைப் படித்தபோது அங்கேயும் ஆயாவைக் கண்டேன். 1889ல் பிறந்த சாப்ளின் லண்டனின் ஏழ்மையான பகுதியில் வளர்ந்தவர். அவருடைய தாய் ஹன்னா மேடைப் பாடகி. வேலை போய், உடல்நலம் கெட்டு, வறுமை சூழ்ந்த நாட்களில் அந்தத் தாய் ஜன்னலருகே உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவாராம். மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கத் தன் தாயிடம்தான் கற்றேன் என்று சாப்ளின் சொல்லியிருக்கிறார். 1894ல் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் மேடையில் தாயின் குரல் உடைந்துபோனது. அவருக்குப் பதிலாக மேடையேறிப் பாடினான் ஐந்து வயது மகன். அதுவே சாப்ளினின் முதல் மேடை.

அதன்பின் அந்தக் குடும்பம் சிதறியது. தாய் மனநோயாளியாகி மருத்துவமனைக்குப் போனார். பிள்ளைகள் ஏழைகளுக்கான அரசு விடுதியில் அடைக்கப்பட்டார்கள். தந்தை குடித்தே இறந்தார். இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சிறுவன் உலகத்தையே சிரிக்க வைத்தான். சில பேர் இதைப் பார்த்து, வறுமைதான் கலைஞனை உருவாக்குகிறது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வறுமையில் அந்தத் தெருவில் ஆயிரம் பிள்ளைகள் வாடினார்கள். சாப்ளினுக்குக் கூடுதலாக இருந்தது ஜன்னலருகே உட்கார்ந்து நடித்துக் காட்டிய ஒரு தாய். புகழ் வந்ததும் சாப்ளின் அந்தத் தாயை 1921ல் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய், 1928ல் அவர் கண்மூடும்வரை தன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றினார்.

தகப்பன் தந்த மேடை

நம் ஊருக்கு வருவோம். தேங்காய் சீனிவாசனை மறந்த தமிழர் உண்டா? தென்பாண்டி நாட்டு ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். அவருடைய தந்தை ஒரு கலைஞர், நாடகம் எழுதியவர். மகன் படிப்பு முடித்துப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ரயில்வே நாடகக் குழுவில் நடிக்கத் தொடங்கினார். அவர் முதலில் ஏறிய மேடை தந்தையின் ‘கலாட்டா கல்யாணம்’ நாடகம். பிறகு ‘கல் மணம்’ நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தபோது, பார்க்க வந்திருந்த கே.ஏ.தங்கவேலு, இனி இவர் தேங்காய் சீனிவாசன்தான் என்று மேடையிலேயே அறிவித்தார். பெயர் வைத்தவர் தங்கவேலு. ஆனால் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனைப் பார்த்து, ‘சம்பளம் வருதில்ல, கூத்தெல்லாம் எதுக்கு’ என்று கேட்காத தகப்பன் இருந்ததால்தான் அந்தப் பெயர் சூட்டப்பட ஒரு ஆள் மேடையில் இருந்தார்.

இது நகைச்சுவைக்கு மட்டும் பொருந்துகிற செய்தி இல்லை. நம் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 17 வயதில் மூன்று தங்கம் வென்று வந்த பெண். தந்தை ஆட்டோ ஓட்டுபவர். அவரே பயிற்சியும் கொடுத்தார். பகலெல்லாம் சவாரி ஓட்டிவிட்டு வந்து மகளோடு போர்டின் முன் உட்கார்ந்த தந்தையை நினைத்துப் பாருங்கள். நம் தெருக்களில் கேரம் போர்டுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. பிள்ளை ஆடுவதைப் பொறுமையாகப் பார்க்கும் கண்கள்தான் கிடைப்பது அரிது. அந்த வீட்டில் அது கிடைத்தது.

பிள்ளையின் உழைப்பில் சாப்பிடுவது

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய காலத்தைப் பற்றிப் பேசினாலே எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லிவிடுகிறோம். அப்படி இல்லை. தமிழ் நாடக மேடையே பிள்ளைகளின் தோளில் நின்ற காலம் ஒன்று உண்டு. 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்று சொல்வோமே, அந்த வகைச் சபைகள் ஊர் ஊராகச் சென்றன. வீட்டில் சோறு இல்லாத பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் அப்படிப் போனவர்கள். சிவாஜி கணேசன், தனக்குத் தாய் தந்தை இல்லை என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததைத் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன்தான் பின்னாளில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஆனார், டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் நடித்து வளர்ந்தார். தந்தை கைவிட்ட நிலையில் தாயோடு பள்ளத்தூருக்கு வந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சிறுமிதான் மனோரமா ஆச்சி.

இவர்கள் மேதைகள் ஆனார்கள், அதனால் இவர்களை நாம் அறிவோம். அதே கம்பெனிகளில் ராத்திரி அம்மாவை நினைத்து அழுதுவிட்டுக் காலையில் பாடம் ஒப்பித்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கூட மிஞ்சவில்லை. கலைவாணரைக் கொண்டாடும்போது, சோடா விற்க வேண்டிய வயதா அது என்றும் நாம் கேட்க வேண்டும்.

சாப்ளின் 1921ல் எடுத்த ‘தி கிட்’ படத்தில் அவரோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகன். உலகம் முழுவதும் அந்தச் சிறுவனுக்காக உருகியது. அவன் வளர்ந்து தன் பணத்தைக் கேட்டபோது, தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருந்தார்கள். வழக்கு நடந்தது. அதன் விளைவாக 1939ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2017ல் வந்த குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளின்படி, நடிப்புத் துறையில் ஒரு குழந்தை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரம் தாண்டக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

ஷூட்டிங் நடக்கும் இடத்துக்கு இந்த விதிகள் போகும். நம் வீட்டு ஹாலுக்கு யார் போவது? இன்று செல்போன் ஒவ்வொரு வீட்டையும் பாய்ஸ் கம்பெனி ஆக்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையிடம் ‘அம்மா ஊரை விட்டுப் போறேன்’ என்று பொய் சொல்லி, அது கதறி அழுவதைப் படமெடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள். பார்த்தவர்கள் சிரிக்கும் பொம்மை போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு அந்தப் பயம் உண்மையானது. அந்த அழுகை உண்மையானது. என் தொழிலின் பெயரால் சொல்கிறேன், அது நகைச்சுவையே கிடையாது. பெற்ற பிள்ளையின் நம்பிக்கையை விற்றுக் காசாக்குவது அது.

எள்ளலின் தழும்பு

எள்ளலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் அது பாசத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. விருந்தாளி வந்தால், ‘இவன் கறுப்பு, எங்க மாமியார் பக்கம்’ என்று பிள்ளையை முன்னால் நிறுத்திச் சொல்வோம். குண்டு, ஓமக்குச்சி, தெத்துப்பல், மக்கு என்று பட்டப்பெயர் வைப்போம். வந்தவர்கள் சிரிப்பார்கள். பிள்ளையும் சிரிக்கும். அந்தப் பிள்ளை ஏன் சிரிக்கிறது தெரியுமா? சிரிக்காவிட்டால் இன்னும் கேலி செய்வார்கள் என்று அதற்குத் தெரியும். மேடையில் நிற்கிறவன் என்பதால் எந்தச் சிரிப்பு வயிற்றிலிருந்து வருகிறது, எது உதட்டோடு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். உதட்டோடு நிற்கும் சிரிப்பைப் பிள்ளையின் முகத்தில் பார்ப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

நாகேஷ் அம்மைத் தழும்புள்ள முகத்தோடு சினிமாவுக்கு வந்தவர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த முகத்துக்கு இங்கே இடமுண்டா என்று கேட்ட உலகத்தில், 1964ல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் நாயகனாக நின்று ஜெயித்தார். அவர் ஜெயித்தார் என்பதற்காக முகத்தைப் பார்த்துச் சிரித்தது சரியாகிவிடாது.

முகத்துக்கு நேர்ந்தது நம் பேச்சுக்கும் நேர்ந்தது. 1958ல் வந்த ‘சபாஷ் மீனா’ படத்தில் சந்திரபாபு ரிக்ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். தூத்துக்குடியில் பிறந்தவர், ஆனால் நம் தெருவில் நின்று காது கொடுத்துக் கேட்டவர் போலப் பேசினார். அதில் பிரியம் இருந்தது. பிறகு வந்த படங்களில் பெரும்பாலும் நம் பேச்சு ரவுடியின் வாயிலும் முட்டாளின் வாயிலும் மட்டுமே கிடந்தது. கப்பலில் சரக்கு இறக்கியவர், உலையில் இரும்பு வார்த்தவர், கடலில் வலை வீசியவர் பேசிய பேச்சு அது. இந்த நகரத்தின் சோற்றுக்கு உழைத்தவர்களின் பேச்சு. அதைக் கேட்டாலே சிரிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என் போன்ற நகைச்சுவைக்காரர்களின் துறை.

அதன் பலனை என் வீட்டிலும் பார்த்தேன். என் மகன் ஒருநாள், “பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு ஆயா வரவேணாம்ப்பா, பசங்க சிரிக்கிறாங்க” என்றான். ஆயா என்று அவன் சொன்னது என் அம்மாவை. இறால் உரித்து விரலெல்லாம் வெடித்து என்னைப் படிக்க வைத்த அம்மா. நான் அவனைத் திட்டவில்லை. அவனை உட்கார வைத்து, அந்தக் கைகளின் கதையைச் சொன்னேன். பிறகு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அதன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அடுத்த மீட்டிங்குக்கும் அம்மாதான் போனது. இவனே கையைப் பிடித்து வகுப்புக்குள் அழைத்துப் போனான்.

இங்கே இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன். பிள்ளை இங்கிலீஷ் பேசட்டும், நல்ல தமிழும் பேசட்டும், தடையே இல்லை. ஆனால் ‘நம்ம ஏரியா மாதிரிப் பேசாதே’ என்று சொல்லி வளர்க்காதீர்கள். பேச்சைக் கேவலம் என்று கற்ற பிள்ளை, அதைப் பேசும் பாட்டியையும் கேவலம் என்றே கற்கும்.

விளையாடக் கரை எங்கே?

சிரிப்புக்கு வீடு மட்டும் போதாது, இடமும் வேண்டும். இந்த ஊரில் ஒரு கதை வழங்குகிறது. பட்டினத்தார் தன் மகன் விட்டுச்சென்ற காதில்லாத ஊசியைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தவர். தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தவர். அப்படிப்பட்ட துறவி கடைசியில் இதே திருவொற்றியூர்க் கடற்கரைக்கு வந்து சிறுவர்களோடு விளையாடினாராம். கூடையைக் கவிழ்த்துத் தன்னை மூடச் சொல்லிவிட்டு வேறோர் இடத்தில் எழுந்து வந்து சிரிப்புக் காட்டுவாராம். கடைசியாக மூடியபோது லிங்கமாகிவிட்டார் என்பது ஐதீகம். அவருடைய சமாதி இன்றும் இங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவரும் பிள்ளைகளோடு விளையாடுவதைத் துறக்கவில்லை என்று நம் முன்னோர் கதை கட்டி வைத்தார்களே, அது எவ்வளவு பெரிய மனசு!

அந்தப் பிள்ளைகள் விளையாடிய மணல் எங்கே? 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, பாறைகளைக் கொட்டினார்கள். என் தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த கடற்கரை இன்று கருங்கல் சுவர்.

இந்த மண் நாட்டுக்குக் கொடுத்ததற்குக் கணக்கில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியது பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்யும் தொழில்; அதுதான் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், லாரி, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் இந்தக் கரையிலிருந்து போயின. பிள்ளைகளுக்குத் திரும்பி வந்தது தூசு. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றி இறக்கிய காலத்தில், ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் திரும்பும். 2011ல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் அதைக் கையாலும் மக்காலும் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூங்கும் பிள்ளைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

நடுராத்திரியில் மூச்சுத் திணறி ஓடிய பிள்ளைக்கு மறுநாள் காலையில் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தது யார்? ஏதாவது ஒரு அம்மா, ஏதாவது ஒரு தாத்தா. இந்த ஊரின் பெற்றோர்கள் செய்துகொண்டிருக்கும் மிகப் பெரிய வேலை அது. ஆனால் அந்த வேலையை முழுக்க அவர்கள் தலையில் கட்டிவிட்டு அரசும் ஆலைகளும் ஒதுங்கக்கூடாது. நல்ல காற்றும் ஒரு விளையாட்டுத் திடலும் வடசென்னைப் பிள்ளைகள் கேட்கும் சலுகை இல்லை, அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி.

கேட்டுக்கொள்வது

நண்பர்களே, முடிக்கும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் துறைத் தோழர்களுக்கு: நிறத்தையும் உடம்பையும் தொழிலையும் பேச்சையும் வைத்துச் சிரிக்க வைப்பதை நிறுத்துவோம். மனிதர் செய்யும் பேராசையும் பொய்யும் வீண் பெருமையும் நம் ஆயுள் முழுக்கத் தீராது. எழுத விஷயமா இல்லை?

நகரத்தை ஆள்பவர்களுக்கு: எஞ்சிய கரையைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு வார்டிலும் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கு: ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி மாட்டுக்கே பொருந்துமா என்பது சந்தேகம், பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் தடை போட வேண்டியவர்கள் நீங்கள்தான். நாலு பேர் முன்னால் பிள்ளையைக் கேலி பேசாதீர்கள். அதன் அழுகையைப் படமெடுக்காதீர்கள். ஷிப்ட் முடிந்து எவ்வளவு களைத்து வந்தாலும், பிள்ளை ஓடி வந்து ‘இங்க பாரேன்’ என்று எதையாவது செய்து காட்டினால், கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் தொடங்குங்கள்.